வெளிச்சுவர் ஆணி

எங்கள் வீட்டுக் கதவுக்கு வெளியே, சுவரில் ஒரு ஆணி இருக்கிறது. தலை வளைந்த ஆணி. நான் அடித்ததுதான். சுத்தியல் கிடைக்காமல் ஜாக்கிக் கம்பியால் அடித்தேன், அதனால் வளைந்துவிட்டது. அதற்குப் பிறகு வீட்டுக்கு இரண்டு முறை பெயிண்ட் அடித்தாயிற்று. பெயிண்டர் அதைப் பிடுங்கப் போனார். இருக்கட்டும் என்றேன். ஒரு காலத்தில் என் காக்கிச் சட்டை அதில் தொங்கும். வண்டியை விட்டு வந்ததும் சட்டையைக் கழற்றி அதில் மாட்டுவேன். வெளிக் குழாயில் குளிப்பேன். குளித்த பிறகும் வாசற்படியைத் தாண்ட மாட்டேன். என் பெண் பக்கம் போக மாட்டேன். சில மாதங்கள் அப்படி இருந்தேன். அதை நிறுத்தியவர் ஒரு டாக்டரம்மா. இந்த ஆணியைப் பார்க்கும்போதெல்லாம் அவர் ஞாபகம்தான்.

நான் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறேன். பல்லாவரம் ஸ்டேஷனிலிருந்து பம்மல் வழியாக அனகாபுத்தூர் வரை. டாக்டரம்மா முதலில் என் வண்டியில் ஏறுகிறவர், அப்புறம்தான் எங்களுக்கு டாக்டர். அஸ்தினாபுரத்தில் வீடு. குரோம்பேட்டையில் ரயில் ஏறி, பல்லாவரத்தில் இறங்கி, சாயங்காலம் எங்கள் வண்டிகளில் ஒன்றைப் பிடித்து பம்மல் வருவார். மெயின் ரோட்டில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே அவருடைய கிளினிக். காது, மூக்கு, தொண்டை பார்ப்பார். எனக்குப் பக்கத்தில் முன்சீட்டில்தான் உட்காருவார். பெரிய கறுப்புப் பை மடியில் இருக்கும். இறங்கும் இடம் வந்தால் கத்த மாட்டார். மோதிர விரலால் முன்கம்பியில் தட்டுவார். நான் நிறுத்துவேன். நானும் அதிகம் பேசுகிறவன் இல்லை. அதனால் எங்களுக்கு ஒத்துப்போனது. பின்சீட்டில் யாராவது கொட்டாவி விட்டால் அவர் கண் தானாகவே கண்ணாடிக்குப் போகும். பூக்கார அக்கா ஒருவர் தினமும் அதே நேரத்தில் ஏறுவார், கூடையை மடியில் வைத்துக்கொண்டு. "வாய மூடுங்கப்பா, டாக்டரம்மா டார்ச்சு எட்த்துருவாங்க" என்பார். வண்டியே சிரிக்கும். டாக்டரம்மாவும் சிரிப்பார், சத்தம் இல்லாமல்.

அப்போது என் பெண் ஒன்றாம் வகுப்பு. மாசம் தவறாமல் காய்ச்சல். தொண்டை வீங்கும், எச்சில் விழுங்க மாட்டாள், சிரப் கொடுப்போம், சரியாகும், திரும்ப வரும். ஸ்கூலுக்குப் போன நாளைவிடப் போகாத நாள்தான் கண்ணுக்குத் தெரிந்தது. அதுகூடப் பழகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவள் பக்கத்தில் படுத்திருந்தேன். வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். பெரிய ஆள் மாதிரி குறட்டை. திடீரென்று குறட்டை நின்றது. மூச்சும் நின்றது. நெஞ்சு மட்டும் உள்ளே குழிந்து குழிந்து இழுத்தது, காற்று போகவில்லை. நான் எழுந்து உட்கார்ந்தேன். பிறகு ஒரு திணறலோடு மூச்சு வந்தது. புரண்டு படுத்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. எனக்கு அதற்கு மேல் படுக்க முடியவில்லை.

மறுநாள் கிளினிக்குக்குக் கூட்டிப் போனோம். டாக்டரம்மா நாக்கை அழுத்தி டார்ச் அடித்தார். என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். இரண்டு பெரிய இலந்தைப் பழம் போல, இரண்டு பக்கமும் வீங்கி, நடுவில் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு இருந்தன. சோறும் காற்றும் எந்த வழியாகப் போகிறது என்று எனக்குப் புரியவில்லை. டான்சிலை எடுத்துவிட வேண்டும் என்றார்.

அன்றைக்கு வீட்டில் பெரிய பஞ்சாயத்து. என் மனைவியின் அண்ணன், எனக்கு மச்சான், தோல் பட்டறையில் வேலை. ஊரில் யாருக்கு எது வந்தாலும் ஒரு யோசனை வைத்திருப்பார். "டான்சில் இன்னா வேஸ்ட்டா மச்சான்? வாசல்ல நிக்கற வாட்ச்மேன் அது. தொண்டைல வர்ற கிருமியெல்லாம் புடிக்கறது அதான். வாட்ச்மேன அனுப்பிட்டு கதவத் தொறந்து வெச்சா எவன் வேணா உள்ள வருவான். கொயந்த காலம் பூரா சீக்காளி ஆயிடும், சொல்லிட்டேன்" என்றார். பக்கத்து வீட்டிலும் அதையேதான் சொன்னார்கள். என் மனைவி என் முகத்தைப் பார்த்தாள்.

மறுநாள் பல்லாவரம் டிராபிக்கில் வண்டி நகரவில்லை. டாக்டரம்மாவிடம் மச்சான் சொன்னதை அப்படியே சொன்னேன். பின்னால் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

"உங்க மச்சான் சொன்னது பொய் இல்ல. அது வாட்ச்மேன்தான்" என்றார் டாக்டரம்மா. "இந்த ரூட்ல உன் வண்டி மட்டும்தான் ஓடுதாப்பா?"

"இல்லம்மா. நெறைய கீது."

"உன் வண்டி ஒரு நாள் நின்னா ஜனங்க வீட்டுக்குப் போக மாட்டாங்களா?"

"போவாங்க. மத்த வண்டில போவாங்க."

"அவ்ளோதான். அந்த வேலைய செய்யறது இன்னும் எத்தனையோ இருக்கு. மூக்குக்குப் பின்னாடி இருக்கு, அடிநாக்குல இருக்கு, கழுத்துல, குடல்ல, எலும்புக்குள்ள கூட இருக்கு. உன் பொண்ணு தொண்டையில இருக்கறது இப்ப ஓடற வண்டி இல்ல. நடு ரோட்ல ரிப்பேராகி நிக்கற வண்டி. அதுவும் போகாது, பின்னாடி வர்றதையும் விடாது."

"அப்ப கயிறு கட்டி இழுத்துக்கினு போவ வேண்டியதுதான்" என்றார் பூக்கார அக்கா. எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"எடுத்தா ஒண்ணும் ஆவாதாம்மா?" என்று கேட்டேன்.

வண்டி கொஞ்சம் நகர்ந்து மறுபடி நின்றது. "ஒண்ணுமே ஆகாதுன்னு சொல்ல மாட்டேன்ப்பா. ரத்தத்துல எதிர்ப்பு சக்தி கொஞ்ச நாளைக்கு லேசா இறங்கலாம். பசங்களுக்குப் பெரும்பாலும் அதனால தொந்தரவு வர்றதில்ல. ரொம்ப வருஷம் கழிச்சு ஏதாவது வித்தியாசம் வருமான்னு இன்னும் ஆராய்ச்சி பண்ணிட்டுத்தான் இருக்காங்க. அதனாலதான் வர்ற பசங்க எல்லாருக்கும் நான் எடுக்கறதில்ல. வெறும் காய்ச்சல் மட்டும்னா பொறுத்துப் பாப்பேன். இவ தூங்கும்போது மூச்சுக்குத் தவிக்கறா. இதுல பொறுக்க முடியாது."

அவர் ஒன்றையும் மறைக்கவில்லை. அதனால்தான் நம்பினேன். இன்றைக்கும் அதற்காக அவர்மேல் எனக்கு மரியாதை. ஆனால் அவர் சொன்னதில் ஒன்று மட்டும் என் காதுக்குள் உட்கார்ந்துகொண்டது. எதிர்ப்பு சக்தி இறங்கலாம். லேசாக என்றதும், கொஞ்ச நாளைக்கு என்றதும் டிராபிக் சத்தத்தில் போய்விட்டன.

சித்திரை மாதம், பள்ளி லீவில் ஆபரேஷன். தாம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரி. ஜன்னல் வழியாக ரயில் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கை உடைந்த பொம்மை ஒன்றை அவள் விடவே இல்லை. தியேட்டர் கதவு வரை நான்தான் தூக்கிப் போனேன். பொம்மையை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். காக்கிச் சட்டையும் பொம்மையுமாக நின்ற என்னைப் பார்த்து ஒரு நர்ஸ் சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து டாக்டரம்மா தொப்பியோடு வெளியே வந்தார். "ரெண்டும் எடுத்தாச்சு. நல்லா இருக்கா" என்றார். சாயங்காலம் அவள் தூங்கினாள். வாய் மூடியிருந்தது. சத்தம் இல்லை. என் மனைவி பயந்துபோய் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தாள். மூச்சு ஒழுங்காக வந்தது. வாயை மூடித் தூங்கும் என் பெண்ணை அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்த்தேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா சொன்னார். காரம் வேண்டாம், சூடு வேண்டாம், முறுக்கு மாதிரி எதுவும் வேண்டாம். தண்ணீர் நிறையக் கொடுங்கள். துளி ரத்தம் வந்தாலும் ஓடி வாருங்கள். கடைசியாக, "கூட்டத்துக்குள்ள கொண்டு போகாதீங்க" என்றார்.

எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினேன். வண்டியை எடுத்துப் பல்லாவரம் ஸ்டாண்டில் வரிசையில் நிறுத்தினேன். ரயில் வந்தது. ஜனங்கள் இறங்கி ஓடி வந்தார்கள். ஒருவர் தும்மினார். ஒரு பாட்டியம்மா இருமினார். ஒருவர் கைக்குட்டையில் மூக்கைச் சிந்திவிட்டு அதே கையால் என் தோளைத் தொட்டு "பம்மல் போவுமா?" என்றார். அப்போதுதான் எனக்குப் பட்டது. பிள்ளையைக் கூட்டத்துக்குள் கொண்டுபோகத் தேவையில்லை. கூட்டத்தை நான்தான் தினமும் வீட்டுக்குக் கொண்டுபோகிறேன். இந்த ஊரில் இருக்கிற இருமலெல்லாம் என் முதுகுக்குப் பின்னால்தான் உட்காருகிறது. வாட்ச்மேன் இல்லாத வீட்டுக்குள் திருடனைக் கூட்டிப் போகிறவன் நான்தான்.

அன்றைக்குத்தான் ஆணி அடித்தேன்.

சட்டை வெளியே. குளியல் வெளியே. சாப்பாட்டுத் தட்டை வாசற்படியில் வாங்கிக்கொண்டேன். படுக்கை மொட்டை மாடியில். முதலில் பெண் ஓடி வருவாள். என் மனைவி பிடித்துக்கொள்வாள். "அப்பா மேல கூட்டம் கீதுடா கண்ணு, கிட்ட போவாத" என்பாள். இரண்டு வாரம் கழித்து டாக்டரம்மாவிடம் என் மனைவிதான் அவளைக் கூட்டிப் போனாள். புண் ஆறிவிட்டது, எல்லாம் சாப்பிடலாம், ஸ்கூல் திறந்ததும் அனுப்பலாம் என்று சொன்னாராம். என் மனைவி என்னையும் உள்ளே வரச் சொன்னாள். ஸ்கூல் என்றால் தெரிந்த முகங்கள், எனக்கு ஒவ்வொரு டிரிப்புக்கும் புது ஆட்கள், கொஞ்ச நாள் போகட்டும் என்றேன். "நீ இன்னா ஆட்டோ ஓட்டறியா, ஆஸ்பத்திரி ஓட்டறியா?" என்று திட்டினாள். திட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். அவளுக்கும் உள்ளே கொஞ்சம் பயம்தான்.

அதோடு நிற்கவில்லை. வண்டியில் யாராவது இருமினால் ஓரம் கட்டி இறக்கிவிட ஆரம்பித்தேன். ஸ்டாண்டில் கேலி. "அவன் வண்டில ஏறணும்னா எக்ஸ்ரே எட்த்துக்கினு போவணும்பா" என்றார்கள். நான் காதில் வாங்கவில்லை. ஆனி போனது, ஆடி போனது. பெண் நன்றாகத்தான் இருந்தாள். கன்னம்கூடச் சதை பிடித்தது. தள்ளி நிற்பதால்தான் நன்றாக இருக்கிறாள் என்று நினைத்தேன். நன்றாக இருக்க இருக்க இன்னும் தள்ளி நின்றேன்.

ஒருநாள் நான் வரும்போது அவள் ஓடி வரவில்லை. என் வண்டிச் சத்தம் கேட்டதும் தானாகவே எழுந்துபோய் உள்சுவரில் சாய்ந்து நின்றாள். அதற்கும் சில நாள் கழித்து என் மனைவி ஒன்று சொன்னாள். பிள்ளை பொம்மை வைத்து விளையாடியிருக்கிறாள். தீப்பெட்டிகளை அடுக்கி ஒரு வீடு. உள்ளே கை உடைந்த பொம்மை. வெளியே, கொஞ்சம் தள்ளி, துணி மாட்டும் கிளிப் ஒன்று நின்றிருக்கிறது. அது யார் என்று கேட்டதற்கு, "அது அப்பா. உள்ள வராது" என்றாளாம். சாதாரணமாகச் சொன்னாளாம். அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை. நான் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

ஆவணியில் ஒரு சாயங்காலம். டாக்டரம்மா முன்சீட்டில். பின்னால் வண்டி நிறைய ஆள். ஒருவர் தொடர்ந்து இருமினார். நான் ஓரம் கட்டினேன்.

"அண்ணா, எறங்கிக்கோ. பின்னாடி வேற வண்டி வரும்."

"ஏன்ப்பா? நான் இன்னா பண்ணேன்?"

"இருமற. எறங்கு."

"இன்னாப்பா அநியாயமா கீது, கவர்னர் காரா இது?" என்று கத்திக்கொண்டே அவர் இறங்கினார். பூக்கார அக்கா, "பாவம்ப்பா அந்த ஆளு" என்றார். நான் வண்டியை எடுத்தேன். டாக்டரம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். கொஞ்ச தூரம் போனோம். டாக்டரம்மா இருமினார். சின்ன இருமல்தான். மறுபடியும் இருமினார். பூக்கார அக்காதான் கேட்டார்.

"இப்ப இன்னாப்பா பண்ணப் போற?"

எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. முன்கம்பியில் தட்டினார். கிளினிக் இன்னும் வரவில்லை. நிறுத்தினேன். இறங்கி, சுற்றி என் பக்கம் வந்து நின்றார்.

"ஏன்ப்பா இறக்கின அவர?"

"பொண்ணுக்கு ஆபரேஷன் ஆயிருக்கேம்மா."

"அது சித்திரையில. ஆறி எத்தன நாளாச்சு."

"கூட்டத்துல கொண்டு போவாதன்னு நீங்கதாம்மா சொன்னீங்க. நான் எந்நேரமும் கூட்டத்துலதாம்மா கீறேன்."

அவர் முகம் மாறியது. அவருக்குப் புரிந்துவிட்டது. நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர் கேட்டது ஒன்றுதான்.

"பொண்ண எப்பப்பா கடைசியா தூக்கின?"

தியேட்டர் கதவு ஞாபகம் வந்தது. ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஸ்கூலுக்குப் போறாளா?" என்றார்.

"போறாம்மா."

"அங்க யாரும் இருமறது இல்லையா?"

நான் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தேன்.

"நான் சொன்னது ரெண்டு வாரத்துக்குப்பா. புண்ணு ஆற வரைக்கும், அதுல சளி காய்ச்சல் சேரக் கூடாதுன்னு. எதிர்ப்பு சக்தி போயிடுச்சுன்னு இல்ல. அவளுக்கும் சளி பிடிக்கும், எல்லாப் பசங்களுக்கும் பிடிக்கற மாதிரி. பிடிச்சுட்டுப் போயிடும். அப்படி நாலு கிருமியப் பாத்துத்தான் உடம்பு கத்துக்கும். கண்ணாடிப் பெட்டியில வெச்சா கத்துக்காது. எது வரைக்கும்னு நான் உன்கிட்ட சொல்லல. உன் தொழில் எனக்குத் தெரியும். தினம் இதே சீட்ல உக்காந்து வர்றேன். சொல்லியிருக்கணும். என் தப்புதான்."

டாக்டர் ஒருவர் ஆட்டோக்காரனிடம் நடு ரோட்டில் நின்று தன் தப்பு என்று சொல்லி நான் கேட்டதில்லை. அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. "இவங்கள எறக்கி விட்டுட்டு நேரா வூட்டுக்குப் போ. சட்டையோட உள்ள போ" என்று சொல்லிவிட்டு அவர் நடக்க ஆரம்பித்தார். அவர் வாயில் எங்களைப் போல வூடு என்ற சொல்லை அன்றைக்குத்தான் கேட்டேன். ஏறுங்கம்மா என்றேன். "நான் இருமறேன்ப்பா" என்று கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

சட்டையோடு உள்ளே போனேன். ஆணியைத் தாண்டிப் போனேன். என் மனைவி அடுப்பை விட்டு எழுந்து நின்றாள். பிள்ளை வழக்கம்போல உள்சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். என் காலைப் பார்த்தாள், சட்டையைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் வாசலை எட்டிப் பார்த்தாள்.

"கூட்டம் போச்சாப்பா?" என்றாள்.

"போச்சு" என்றேன்.

அதற்கப்புறமும் உடனே வரவில்லை. நானே போய்த் தூக்கினேன். கனமாகியிருந்தாள். சித்திரையில் இருந்த கனம் இல்லை. என் சட்டைக் காலரை முகர்ந்து பார்த்து, "டீசல்" என்றாள்.

டாக்டரம்மா சொன்னபடிதான் எல்லாம் நடந்தது. மழைக்காலத்தில் அவளுக்குச் சளி பிடித்தது. என்னை அறியாமல் கை சட்டைப் பட்டனுக்குப் போனது. "மாட்டாத" என்றாள் என் மனைவி. சில நாளில் சளி போய்விட்டது. அடுத்த வருஷமும் வந்தது, போனது. மாசாமாசம் வந்த காய்ச்சல் திரும்ப வரவில்லை. ஸ்கூலுக்கு லீவு போட வேண்டும் என்றால் அவள் வேறு பொய் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. மச்சான் மட்டும் பல வருஷம் அவள் தும்மினால் என்னைப் பார்ப்பார். இப்போது அவரும் விட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு டாக்டரம்மா ஒரு பழக்கம் வைத்துக்கொண்டார். கிளினிக்கில் மருந்து கட்டும் பெண் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆபரேஷன் ஆன எந்தப் பிள்ளையின் அப்பா அம்மாவிடமும் முதலில் "என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்பாராம். எதைச் செய்யக்கூடாது என்று சொன்னால், எந்த நாளோடு அதை நிறுத்த வேண்டும் என்றும் சொல்வாராம். நன்றி என்று நான் அவரிடம் சொன்னதில்லை. அந்த வார்த்தை எனக்கு வாயில் வராது. சாயங்காலம் அந்த ரயில் வரும் நேரத்துக்கு முன்சீட்டில் ஒரு துண்டைப் போட்டு வைப்பேன். யார் கேட்டாலும் ஆள் வராங்க என்பேன். அவர் வந்து துண்டை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு உட்காருவார். அவ்வளவுதான்.

கொரோனா வந்தபோது ஊரே கதவுக்கு வெளியே சட்டையை மாட்டியது. எங்கள் வீட்டில் ஆணி தயாராக இருந்தது. அது நிஜமான பயம், நாங்களும் மாட்டினோம். ஆனால் அந்தப் பழக்கத்தை முதலில் நிறுத்தியதும் நாங்கள்தான். எது வரைக்கும் என்று கேட்டுக்கொண்டு மாட்டினோம். அந்தச் சமயத்தில் டாக்டரம்மா கிளினிக்கை மூடிவிட்டு மகன் ஊருக்குப் போய்விட்டார். போவதற்கு முன் ஒருநாள் என் வண்டியில் வந்தார். முகக்கவசம் போட்டிருந்தார். இறங்கும்போது, "பொண்ணு எப்படி இருக்கா?" என்றார். "எல்லாத்துக்கும் எதிர்த்துப் பேசறாம்மா" என்றேன். "தொண்டை நல்லா இருக்குன்னு அர்த்தம்" என்றார். கண் மட்டும் சிரித்தது. அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

பெண் இப்போது சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். கம்பெனி பஸ்ஸில் போகிறாள், வருகிறாள். வந்ததும் கழுத்தில் இருக்கும் அடையாள அட்டையைக் கழற்றி வெளி ஆணியில் மாட்டிவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவாள். உள்ளே கொண்டுவந்தால் எங்கேயாவது வைத்துவிட்டுக் காலையில் தேடுவாளாம். அந்த ஆணியின் கதை அவளுக்குப் பாதிதான் ஞாபகம் இருக்கிறது. நானும் சொல்வதில்லை.

போன வாரம் மழையில் நனைந்து வந்தாள். அட்டையை மாட்டும்போதே இருமினாள். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள்.

"ஜலதோஷம்ப்பா. பஸ்ல பாதி பேருக்கு கீது. உனக்கு வயசாயிடுச்சு, கிட்ட வராத."

நான் எழுந்து வாசலுக்குப் போனேன். நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். லேசான சூடுதான். ஆணியில் அவள் அட்டை ஆடிக்கொண்டிருந்தது. இப்போது கூட்டத்திலிருந்து வருகிறவள் அவள்.

"உள்ள வா" என்றேன்.